'சாப்பிட்டியா' என்று கேட்க ஒருவர்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி, வெளிநாடுகளுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வாழ்த்தி வழியனுப்பும் நிகழ்வில், பத்து பெரண்டாமில் ஆற்றிய உரை)



  

மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனாலும் 'நாங்கள்' என்றே பேசப் போகிறோம். 1998ஆம் ஆண்டு இந்த ஊரிலிருந்தும் பக்கத்துத் தாமான்களிலிருந்தும் நான்கு பேர் ஒன்றாகப் படிக்கப் புறப்பட்டோம். இந்த உரையை நான்கு பேரும் உட்கார்ந்து பேசித்தான் எழுதினோம். அதனால் இது நால்வரின் பேச்சு.

பத்து பெரண்டாம் விமான நிலையத்தின் வேலி ஓரத்தில் பந்து விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். சின்ன விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் தினமும் பார்த்திருக்கிறோம். ஆனால் எங்களில் ஒருவர்கூட அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

நாங்கள் சென்றது மணிபாலுக்கு. மலாக்கா மணிபால் மருத்துவக் கல்லூரி 1997ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று அது மணிபால் பல்கலைக்கழகக் கல்லூரி மலேசியா என்ற பெயரில் இருக்கிறது. எங்கள் காலத்தில் முதல் இரண்டரை ஆண்டு இந்தியாவின் கர்நாடகத்திலுள்ள மணிபாலில் படிக்க வேண்டும். பிறகு இரண்டரை ஆண்டு மலாக்காவுக்கே திரும்பி மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். பாதிப் படிப்பு அங்கே, பாதிப் படிப்பு இங்கே. மாற்று மாணவர்களாகப் பிற நாடு செல்லும் உங்களுக்கு உள்ள நிலைதான் எங்களுக்கும் இருந்தது. குடியேறப் போகவில்லை, சுற்றிப் பார்க்கவும் போகவில்லை. நடுவில் உள்ள ஒரு வாழ்க்கைக்குப் போனோம்.

'இந்தியாவுக்குத்தானே போகிறாய், நம் பூர்வீகம்தானே, உனக்கென்ன கஷ்டம்?' என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பெங்களூரில் இறங்கி, இரவுப் பேருந்தில் மலைப்பாதை வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காதில் விழுந்தது கன்னடம், துளு, கொங்கணி. தமிழ் விழவே இல்லை. இராமநாதபுரத்துக் கரையிலிருந்து எங்கள் பாட்டனார்கள் கப்பலேறிய நாடு இதுதான் என்று மனம் ஒப்பவில்லை.

வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். உடுப்பியில் காவல் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி எங்கள் முகத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், சிவப்புக் கடப்பிதழைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார். பாட்டனார் பிறந்த நாட்டில் பேரன்கள் வெளிநாட்டவர் என்று எழுத்தில் வந்தது. வருத்தமாக இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. ஆனால் அது ஒரு வகையில் நல்லது செய்தது. 'எல்லாம் தெரியும்' என்று வந்தவர்கள், 'ஒன்றும் தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்' என்ற இடத்துக்கு வந்தோம்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறோம். பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். பாடம் யாரையும் அவ்வளவு எளிதில் வீழ்த்தாது. சோறும் துணியும் தூக்கமும்தான் வீழ்த்தும்.

முதலில் மழை. மலாக்காவில் மழை பெய்யும், விடும், வெயில் அடிக்கும். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. துவைத்த கைலி நான்கு நாளானாலும் காயாது. தோல் செருப்பில் பூஞ்சை படரும். ஈரத் துணியோடு வகுப்புக்குப் போய்ப் பாதிப் பேருக்குக் காய்ச்சல். இரண்டாம் மாதத்தில்தான் தெரிந்தது, அந்த ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் சீக்கிரம் காயும் மெல்லிய துணியைத்தான் உடுத்துகிறார்கள் என்று. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

அடுத்து சோறு. விடுதிச் சாப்பாட்டு அறையில் சில நாள் பருமனான சிவப்புப் புழுங்கல் அரிசிச் சோறு. உடுப்பிச் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பார்கள், அது இனிக்கும். நம் வீட்டு மீன் ஆணத்துக்கும் புளிப்புக்கும் பழகிய நாக்கு அதை ஏற்கவில்லை. உம்மா கட்டிக் கொடுத்த இக்கான் பிலிஸ் சம்பாலை எண்ணி எண்ணித் தின்றோம். பெலாச்சான் பொட்டலத்தைத் திறந்த அன்று மாடி முழுவதும் சன்னல் திறந்தார்கள்! ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது, எங்களில் ஒருவர் வீட்டுச் சாம்பாரைச் சுவைத்துவிட்டு 'ஏன் இனிக்கவில்லை?' என்று கேட்டார். நாக்கு பழகிவிடும். அதற்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள்.

தொழுகை. மலாக்காவில் ஆண்டு முழுவதும் மஃரிப் நேரம் பெரிதாக மாறாது. அங்கே டிசம்பரில் ஆறு மணி தாண்டியதும் மஃரிப், ஜூனில் ஏழு மணியளவில். அதைவிட, நாம் ஷாஃபி மத்ஹபில் வளர்ந்தவர்கள். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் பள்ளியில் அஸர் பாங்கு பிந்தித்தான் சொல்வார்கள். சுபுஹில் நாம் ஓதும் குனூத் அங்கே இருக்காது. முதல் வாரம் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அதே கரையில் பேரி முஸ்லிம்கள் என்று ஒரு சமூகம் இருக்கிறது. மலையாளத்துக்கும் துளுவுக்கும் நெருக்கமான ஒரு மொழியைப் பேசுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஷாஃபிகள். இரண்டு பள்ளிகளிலும் தொழுதோம். ஒரே ஊரில் இரண்டு நேரத்தில் பாங்கு கேட்டாலும் கிப்லா ஒன்றுதான் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். அங்கேதான் கண்ணால் பார்த்தோம்.

மொழி. பயந்த அளவுக்கு அது இல்லை. தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' என்று தொடங்கும். பால் என்பது ஹாலு, பல் என்பது ஹல்லு, பூ என்பது ஹூவு. நோயாளியிடம் 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்க 'எல்லி நோவு?' என்றால் போதும். நோவு என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் சொல்தானே! கடைக்காரரோ காவலாளியோ எங்களைப் பார்த்ததும் கன்னடத்தில் 'ஊட்டா ஆய்தா?' என்பார்கள். துளுவில் 'வணஸ் ஆண்டா?' என்பார்கள். இரண்டுக்கும் பொருள் 'சாப்பாடு ஆயிற்றா?' என்பதுதான். இங்கே மலாய்க்காரர் 'சுடா மாக்கான்?' என்கிறார். நாம் 'சாப்பிட்டீங்களா?' என்கிறோம். மொழி மாறினாலும் கேள்வி மாறவில்லை. இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

பணத்தைப் பற்றிப் பெற்றோர்களுக்கு நினைவிருக்கும். 1997 நடுவில் ஆசிய நாணய நெருக்கடி தொடங்கியது. அதற்கு முன் ஒரு டாலர் ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட். 1998 செப்டம்பர் 2ஆம் தேதி அரசாங்கம் 3.80 என்று நிலைநிறுத்தியது. அதற்குள் ரூபாயும் கொஞ்சம் இறங்கியிருந்தது. முன்பு ஒரு ரிங்கிட்டுக்கு ஏறத்தாழ 14 ரூபாய் கிடைத்தது, பிறகு 11 ரூபாய்தான். வீட்டில் அதே தொகையை அனுப்பினாலும் எங்கள் கைக்கு வந்தது குறைந்தது. அந்த அக்டோபர் முதல் நாளுக்குப் பிறகு ரிங்கிட் நாட்டுக்கு வெளியே செல்லாது என்றும் ஆனது. எங்களில் ஒருவரின் உம்மா, 'ஆபத்துக்கு உதவும்' என்று பத்து ஐம்பது ரிங்கிட் நோட்டுகளைப் பெட்டியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார். ஆபத்து வந்தபோது அதை மாற்ற ஆளில்லை. விடுமுறையில் தையல் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். உம்மா பிரித்து, அந்த மாத மின்சாரக் கட்டணத்தைக் கட்டினார்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறோம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

புறப்பட்டது நால்வர். படிப்பை முடித்தது மூவர்.

நான்காமவரின் அனுமதியோடு இதைச் சொல்கிறோம். 'என் கதையைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம்' என்றவர் அவர்தான். எங்கள் நால்வரில் நன்றாகப் படித்தவர் அவர். அவருடைய வாப்பா சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாதம் இரண்டு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போவோம். இங்கே அப்போது பதினொன்றரை. கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும். அவர் பேச எடுத்துக்கொண்டது எப்போதும் ஒரு நிமிடம்தான்.

"சாப்பிட்டியா வாப்பா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"சாப்பிட்டாச்சு. கடை நல்லா ஓடுது. நீ படிப்பைப் பாரு."

மாணவர் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. பணத்தை மிச்சப்படுத்த இரவுச் சாப்பாட்டை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. தகப்பனார் கடையை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் மீது ஒருவர் வைத்த அன்பினால் மறைத்தார்கள். அடுத்த அறையில் இருந்த எங்களுக்கும் தெரியவில்லை. சரியாகச் சொன்னால், மெலிந்து வருவதைக் கண்டோம், கேட்கவில்லை. 'படிப்பில் மூழ்கிவிட்டார்' என்று நினைத்துக்கொண்டோம்.

பதினோராம் மாதம், இரண்டாவது மழை தொடங்கிய வாரம், அவர் பெட்டியைக் கட்டிவிட்டார். பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனோம். அப்போதுகூட 'ஏன்?' என்று கேட்டோமே தவிர, 'என்ன செய்தால் இருப்பாய்?' என்று கேட்கவில்லை.

இங்கே வந்த பிறகு நடந்ததுதான் அதைவிட வருத்தம். கல்யாண வீட்டிலும் பள்ளிவாசல் வாசலிலும் 'என்ன, பாதியிலேயே வந்துட்டியாமே?' என்று கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பல வருடம் அவர் நம் சங்கத்து நிகழ்ச்சி எதற்கும் வரவில்லை. ஒரு பிள்ளை வெளிநாட்டில் படிப்பை விட்டது ஒரு இழப்பு. சொந்த ஊரில் அவர் அன்னியராக இருந்தது நம்மால் வந்த இழப்பு.

பிற்காலத்தில் நாங்கள் ஒரு செய்தியைப் படித்தோம். 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டுச் சமூகவியலாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வேக்காரர்களை விசாரித்தார். அங்கே ஆறு மாதத்துக்குள் இருந்தவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. நடுவில், ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை இருந்தவர்களே அதிகம் தடுமாறியிருந்தார்கள். இந்தக் கணக்கு எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எங்கள் நண்பர் திரும்பியது பதினோராம் மாதம். புது ஊரின் வியப்பு தீர்ந்து, பழக்கம் இன்னும் வராத பள்ளம் அது. அது பள்ளம்தான், அதற்கு அக்கரை உண்டு என்று சொல்ல அன்று எங்களிடம் ஒருவரும் இல்லை.

மற்ற மூவர் எப்படித் தாங்கினோம்? எங்கள் மனவலிமையால் என்று சொன்னால் அது பொய். 1998 டிசம்பரில் நோன்பு தொடங்கியது. பள்ளியின் ஓரத்தில் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்து நோன்பு திறந்துகொண்டிருந்தோம். பேரிப் பெரியவர் ஒருவர் மூன்று நாள் அதைப் பார்த்தார். நான்காம் நாள் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் வீட்டில் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. வாயில் வைத்ததும் எங்களில் ஒருவர் அழுதுவிட்டார். அந்த அம்மா பதறிப்போய், உப்பு கூடிவிட்டதோ என்று கேட்டார். அன்று முதல் நோன்பு முடியும்வரை வாரம் இரண்டு நாள் அங்கேதான். நான்காமவர் அந்தச் சமயம் பெரும்பாலும் அறையிலேயே இருந்துவிட்டார். 'வா' என்றோம், இழுத்துக்கொண்டு போகவில்லை.

விடுதியில் எங்கள் பக்கத்து அறையில் ஈப்போவைச் சேர்ந்த சீன நண்பர். இரவு வெகுநேரம் படிப்பார். படுக்கப் போகும்முன் எங்கள் கதவைத் தட்டி 'பாங்குன், பாங்குன்' என்று சஹருக்கு எழுப்பிவிடுவார். இங்கே இருக்கும்வரை இந்தியர், சீனர், மலாய்க்காரர் என்று இருந்த நாங்கள் அங்கேதான் மலேசியர்கள் ஆனோம்.

அன்பர்களே! விருந்தாளியை ஏற்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. இந்த மலாக்காவே அதனால் உருவான ஊர். 1512 முதல் 1515 வரை இங்கே இருந்த போர்த்துகீசியரான தோமே பிரேஸ், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். சுல்தான்கள் காலத்தில் இங்கே நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். வந்து இறங்கும் வணிகரை எதிர்கொள்வது, தங்க இடம் கொடுப்பது, சரக்கு வைக்கக் கிடங்கு ஒதுக்குவது, சுமக்க யானை ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் அன்னியர்கள் இங்கே தங்கினார்கள். அப்படி வந்தவர்களில் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

நம் பாட்டனார்கள் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியபோது, இறங்கிய முதல் இரவு அவர்களுக்குச் சோறு போட்டவர் யார்? முன்னால் வந்த ஊர்க்காரர் ஒருவர். நம் சங்கமும் அப்படிப் பிறந்ததுதான். வந்தவனுக்குப் பாய் கொடுக்க, இறந்தவனுக்குக் கஃபன் கொடுக்க, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க. 50 வருடம் முன்பு நம் பெரியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தொடங்கியது அதற்காகத்தான்.

ஆகவே பொன்விழா ஆண்டில் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்.

முதலாவது, வெளியூர் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த வீடு தவிர இன்னொரு வீடு வேண்டும். வாரம் ஒரு முறை அந்த வீட்டிலிருந்து அழைப்பு போகட்டும். பெற்றோரிடம் சொல்ல முடியாததைப் பிள்ளை அவர்களிடம் சொல்லலாம். இப்போது கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம், சிவப்பு எண் ஓடாது. ஆனால் 'சாப்பிட்டியா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்ற பதில்தான் இன்றும் வருகிறது. 'என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய்?' என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். 'யாரோடு' என்பதற்குப் பல நாள் பதில் வராவிட்டால் கவலைப்படுங்கள். பெற்றோர்களே, வீட்டில் கஷ்டம் என்றால் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். தெரிந்தால் தாங்கிக்கொள்வார்கள். தெரியாமல்தான் ஒடிகிறார்கள்.

இரண்டாவது, நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், டுரியான் துங்காலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அவர்களுக்கும் இக்கான் பிலிஸ் வாடை புதிது. அவர்களும் இந்த நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டவர்கள். நோன்பு மாதத்தில் நம் கஞ்சி வாளி அவர்கள் விடுதி வாசல் வரை போகட்டும். முஸ்லிம் பிள்ளைதானா என்று பார்க்க வேண்டாம். எங்களை சஹருக்கு எழுப்பியவர் நோன்பு பிடிப்பவர் இல்லை.

மூன்றாவது, பாதியில் திரும்பி வரும் பிள்ளைக்கு ஸலாம் சொல்லி, உட்கார வைத்து, சோறு போடுங்கள். கேள்வி பிறகு இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரே சொல். கேட்க வெட்கப்படாதீர்கள். துணி எப்படிக் காயவைப்பது என்பதிலிருந்து, கையில் காசில்லை என்பது வரை, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏழாம் மாதமோ பத்தாம் மாதமோ எல்லாம் கசக்கும். அன்று பெட்டி கட்டும்முன் ஒருவரிடம் பேசுங்கள். பேசிய பிறகும் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் தலை நிமிர்ந்து திரும்புங்கள். இது உங்கள் ஊர்.

கடைசியாக ஒன்று. எங்கள் நான்காம் நண்பர் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். சொந்தமாகத் தொழில் செய்கிறார், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். சில வருடங்களாக நோன்பு மாதத்தில் தினமும் அஸருக்குப் பிறகு தம் வேனில் கஞ்சிப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் வீடுகளுக்குப் போய்வருகிறார். யாரிடமும் சொல்லாமல் செய்தார். எங்களுக்கே சென்ற வருடம்தான் தெரியும். நாங்கள் கேட்ட இரண்டாவது வேண்டுகோள் அவர் ஏற்கெனவே தொடங்கிய வேலைதான். நாம் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த வேனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வேன் போனால் போதும்.

இன்று அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். எங்கே என்று தேடாதீர்கள். பின்னால் சமையல் கூடத்தில் நமக்கான பிரியாணியை இறக்கிக்கொண்டிருக்கிறார். சாப்பிடப் போகும்போது, மறக்காமல் அவரிடம் கேளுங்கள், 'நீங்க சாப்பிட்டீங்களா?' என்று.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணத்தை இலேசாக்கி, நம் கைகளை விரிவாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.